கட்சி ஆட்சி மட்டும் ஜனநாயகம் ஆகிவிடாது, சரி. பதிலுக்கு எதைக் கேட்பது?

2016 மே மாதம் தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் ஜெயலலிதாவுக்கோ கருணாநிதிக்கோதான் போட்டார்கள். தொகுதி வேட்பாளரின் பெயர் பலருக்கு வாக்குச்சாவடியில்தான் தெரிந்திருக்கும். டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா இறந்தார். இரண்டு மாதம் கழித்து, அடுத்த முதலமைச்சர் யார் என்ற கேள்விக்கான விடை கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்த சட்டமன்ற உறுப்பினர்கள் கையில் இருந்தது. 2017 பிப்ரவரி 18 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமி 122க்கு 11 என்று வென்றார். அந்த 11 பேரும் எதிர்த்து வாக்களித்த ஆளுங்கட்சிக்காரர்கள். அவர்கள் பதவி போகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேரைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அந்த 18 தொகுதிகளுக்கும் 2019 ஏப்ரல், மே மாத இடைத்தேர்தல்கள் வரை உறுப்பினரே கிடையாது. இத்தனை கூத்திலும் ஒரு வாக்காளரையாவது யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஆகவே, "கட்சிகள் நடத்தும் பிரதிநிதித்துவ ஆட்சி உண்மையான ஜனநாயகம் இல்லை" என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. ஆங்கிலேயர் தேர்தல் நாளன்று மட்டும்தான் சுதந்திரமானவர்கள், மறுநாளே அடிமைகள் என்று தத்துவவாதி ரூசோ 1762லேயே எழுதிவிட்டார். நான் கேட்பது அடுத்த கேள்வியை: சரி, அப்புறம்? இதைத் தூக்கிப் போட்டுவிட்டு எதை வைக்கப் போகிறோம்? டீக்கடையில் ஆரம்பித்துக் கருத்தரங்கம் வரை இதற்கு மூன்று நான்கு பதில்கள் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றும் உலகத்தில் எங்கோ ஓரிடத்தில் நடைமுறைக்கு வந்து பார்த்ததுதான். அதனால் கற்பனையில் ஒப்பிட வேண்டிய அவசியம் இல்லை. ஒப்பிடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவில், சொந்தமாகச் செல்வாக்கு எதுவும் இல்லாத ஓர் ஆளின் கையில் என்ன இருக்கிறது?

முதல் பதில், எல்லோருக்கும் பிடித்த பதில்: கட்சியே வேண்டாம், நல்ல மனிதர்களைத் தேர்ந்தெடுப்போம்.

இதற்குச் சுவிட்சர்லாந்து வரை போக வேண்டாம். தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரியும், கையில் நான்கு நிறத்தில் சீட்டு கொடுப்பார்கள். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்குத் தனியாக ஒன்று. பச்சையிலும் மஞ்சளிலும் உதயசூரியன், இரட்டை இலை எல்லாம் இருக்கும். தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்குமான சீட்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி மாதிரியான சுயேச்சைச் சின்னங்கள் மட்டும். ஆக ஒரே வாக்காளர், ஒரே நாளில், கட்சி உள்ள ஜனநாயகத்துக்கும் கட்சி இல்லாத ஜனநாயகத்துக்கும் சேர்த்து ஓட்டுப் போடுகிறார். கட்சி இல்லாத சீட்டில் நல்ல மனிதர்கள்தான் வந்தார்களா? சில ஊர்களில் வந்தார்கள், மறுக்கவில்லை. பல ஊர்களில் கட்சி விட்டுப்போன இடத்தில் சாதியும் பங்காளி வகையறாவும் வந்து உட்கார்ந்தன. தலைவர் பதவியைக் கோயில் திருப்பணிக்கு ஏலம் விட்டு, ஒரே ஆளை மனு போடவைத்து, "போட்டியின்றித் தேர்வு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கமும் இந்தச் சீட்டில்தான் வளர்ந்தது.

இதன் கொடூரமான முகம் மதுரை மாவட்டத்தில் தெரிந்தது. 1996ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் தலைவரான முருகேசனும் உடன் இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதேபோல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை ஒழுங்காக ஒரு தேர்தலை நடத்த முடியவில்லை. ஒன்று, யாரும் மனு போட மாட்டார்கள். அல்லது வென்றவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்வார். கட்சிகள் இங்கே பெரிய வீரம் காட்டிவிடவில்லை. ஆனால் 2006ல் அந்த ஊர்களில் தலைவர்கள் நாற்காலியில் உட்கார முடிந்ததென்றால், ஊருக்கு வெளியிலிருந்து அரசும் சில கட்சிகளும் இயக்கங்களும் வந்து நின்றதுதான் காரணம். கிராமம் என்பது குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் சொன்னபோது பலருக்குக் கோபம் வந்தது. உள்ளூரில் நாலு பேர் சேராமல் தனியாக நிற்கும் ஏழைக்கு, பக்கத்து ஊரிலும் தலைநகரிலும் ஆள் உள்ள ஓர் அமைப்பு வேண்டும். அந்த அமைப்புக்குக் கட்சி என்று பெயர் வைக்காவிட்டாலும், அது செய்யும் வேலை கட்சியின் வேலைதான்.

தேச அளவில் கட்சியில்லாத ஆட்சியை முயன்ற கதை இன்னும் மோசம். நேபாளத்தில் மன்னர் மகேந்திரா 1960 டிசம்பரில் பி.பி. கொய்ராலாவின் அரசைக் கலைத்துவிட்டு, கட்சிகளைத் தடை செய்து, 1962ல் பஞ்சாயத்து முறை கொண்டுவந்தார். நம் மண்ணுக்கு ஏற்ற ஜனநாயகம் என்று பெயர். நடுவில் 1980ல் ஒரு பொதுவாக்கெடுப்பில் 54.8 சதவீத ஆதரவும் வாங்கினார்கள், கட்சிகள் தடையில் இருக்கும்போதே. 1990ல் மக்கள் தெருவுக்கு வந்துதான் அது முடிந்தது. பாகிஸ்தானில் அயூப் கான் 1959ல் கொண்டுவந்ததற்குப் பெயர் "அடிப்படை ஜனநாயகம்". கட்சி அடையாளம் இல்லாமல் 80,000 உள்ளூர் உறுப்பினர்கள். அவர்கள் ஓட்டில்தான் ஜனாதிபதி. 1965ல் ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா எதிர்த்து நின்றும் அயூப் கான்தான் ஜெயித்தார். 80,000 பேரைச் சரிக்கட்டுவது ஒரு ராணுவ ஆட்சிக்குப் பெரிய வேலையா என்ன?

சிந்தனையாளர் எம்.என். ராய் 1948ல் தன் கட்சியையே கலைத்துவிட்டுக் கட்சியற்ற ஜனநாயகம் பேசினார். ஜெயப்பிரகாஷ் நாராயண் 1950களின் கடைசியில் அதை விரிவாக எழுதினார். இருவரையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் நெருக்கடிநிலையை முறியடிக்க வேண்டிய நேரம் வந்தபோது, 1977ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் செய்தது நான்கு கட்சிகளை இணைத்து ஒரு புதுக் கட்சி உருவாக உதவியதுதான். அதற்கு மேல் இந்தப் பதிலைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. கட்சியில்லா ஆட்சியை என் பட்டியலிலிருந்து முதலில் அடித்துவிடுகிறேன்.

இரண்டாவது பதில்: பிரதிநிதியே வேண்டாம், மக்களே நேரடியாக முடிவெடுக்கட்டும்.

சுவிட்சர்லாந்து இதற்கு நிரந்தர உதாரணம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பிடிக்கவில்லையா? 100 நாளில் 50,000 கையெழுத்து சேர்த்தால் அந்தச் சட்டம் பொதுவாக்கெடுப்புக்கு வந்தாக வேண்டும். அரசமைப்பையே மாற்ற வேண்டுமா? 18 மாதத்தில் 1,00,000 கையெழுத்து. ஆண்டுக்கு நான்கு முறை வரை வாக்கெடுப்பு நாள் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குத் தபாலில் வாக்குச்சீட்டும், இரு தரப்பு வாதமும் அச்சிட்ட சிறு புத்தகமும் வரும். எங்களுக்கு ஆண்டுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுமுறை வேண்டுமா என்று 2012ல் மக்களிடமே கேட்டார்கள். வேலைக்குப் போகிற ஜனம், மூன்றில் இரண்டு பங்கு பேர், வேண்டாம் என்றார்கள். மக்களிடம் விட்டால் கஜானாவைக் காலி செய்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

ஆனால் அதே சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1971ல்தான் வந்தது. காரணம் வேறெதுவும் இல்லை, நேரடி ஜனநாயகம்தான். 1959ல் ஆண்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் மறுத்தார்கள். அப்பென்ஸெல் இன்னர்ரோடன் என்ற சின்ன மாநிலத்தில் இன்றும் ஊர்ச் சதுக்கத்தில் கூடிக் கை தூக்கித்தான் வாக்களிக்கிறார்கள். முன்பு ஆண்கள் இடுப்பில் வாளோடு வருவார்கள். வாக்குரிமைக்கு அந்த வாள்தான் அடையாள அட்டை. 1990 வசந்தத்திலும் அந்தக் கூட்டம் பெண்களுக்கு உள்ளூர் ஓட்டு கிடையாது என்று கை தூக்கியது. அந்த ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டுத்தான் கொடுக்கவைத்தது. 2009ல் புதிய மசூதி மினாராக்களுக்குத் தடை, 57.5 சதவீத ஆதரவோடு. கேள்வி கேட்கப்படுகிறவர் கூட்டத்துக்குள் இல்லாதபோது நேரடி ஜனநாயகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இரண்டு உதாரணமும் போதும்.

இன்னொன்று, கையெழுத்து தானாக வந்து சேராது. அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும், அலுவலகம் வேண்டும். அங்கேயும் வாக்கெடுப்புகளில் களத்தில் நிற்பது கட்சிகளும் சங்கங்களும்தான். கலிஃபோர்னியாவில் 2020ல் ஊபர், லிஃப்ட் போன்ற நிறுவனங்கள் 20 கோடி டாலர் அளவுக்குக் கொட்டி, ஓட்டுநர்களைத் தொழிலாளர்களாகக் கருத வேண்டியதில்லை என்று மக்கள் ஓட்டிலேயே சட்டம் வாங்கின. எம்எல்ஏவை வாங்குவதை விட இது கௌரவமான வழி, அவ்வளவுதான்.

நம் ஊரில் நேரடி ஜனநாயகத்துக்கு உள்ள ஒரே இடம் கிராமசபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 இவற்றையும் சேர்த்து ஆறு நாள். போய்ப் பார்த்தவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும். பள்ளிக்கூட மரத்தடியிலோ கோயில் மண்டபத்திலோ ஷாமியானா, தலைவருக்கு ஒரு நாற்காலி, அதிகாரிகளுக்கு நாலு நாற்காலி. கோரம் (குறைந்தபட்ச வருகை) சேர வேண்டுமே என்று நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வரச் சொல்லியிருப்பார்கள். ஊராட்சிச் செயலர் தீர்மானங்களை மூச்சு விடாமல் படிப்பார். அவர் படித்து முடிப்பதற்குள் வருகைப் பதிவேடு கையெழுத்துக்காகப் பாதி தூரம் சுற்றியிருக்கும். யாராவது ஓர் இளைஞன் எழுந்து குடிநீர்த் தொட்டிக் கணக்கைக் கேட்டால், "அதை எழுதிக் கொடு தம்பி" என்பார்கள். டாஸ்மாக் கடையை மூட வேண்டும் என்று தீர்மானம் போட்ட ஊர்கள் எத்தனையோ. தீர்மானம் பதிவேட்டில் இருக்கும், கடையும் சாலையில் இருக்கும்.

ஆனால் அதே கிராமசபைக்குச் சட்டத்தில் பல் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒடிசாவின் நியமகிரியில் பார்த்தோம். மலையில் வேதாந்தா நிறுவனத்துக்காக பாக்சைட் (அலுமினியத் தாது) எடுக்கலாமா என்பதை அங்குள்ள கிராமசபைகள் முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வன உரிமைச் சட்டம் அதற்குக் கைகொடுத்தது. 12 கிராமசபைகள் கூடின. 12ம் முடியாது என்றன. வேதாந்தா வெளியேற வேண்டியிருந்தது. எந்தக் கட்சியின் எந்த எம்பியும் அந்த மலையின் டோங்ரியா கோண்ட் பழங்குடி மக்களுக்கு வாங்கித் தராத முடிவு அது. எனவே நேரடி முறையை நான் அடிக்கவில்லை. தேசத்துக்கே அதை வைப்பதற்குப் பதிலாக, தன் நிலம், தன் தண்ணீர், தன் ஊர்க் கணக்கு என்ற அளவில் அதற்குக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கொடு என்பேன்.

மூன்றாவது, குலுக்கல். இதைச் சொன்னவுடன் நம்மவர்கள் உத்திரமேரூர் என்று ஆரம்பித்துவிடுவார்கள். மேடையில் குடவோலை முறையைப் பேசாத அரசியல்வாதி இல்லை. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கவைத்தார்கள். நல்லதுதான். ஆனால் ஓலையில் யார் பெயரை எழுதலாம் என்ற பகுதியை மேடையில் யாரும் படிப்பதில்லை. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதப் பயிற்சி. அது ஒரு பிராமணர் ஊர். உழுதவனுக்கோ பெண்ணுக்கோ அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்தது குலுக்கலை விட, தகுதியிழப்புப் பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது. கடந்த மூன்று ஆண்டுக்குள் பதவியில் இருந்தவனும் கூடாது. இந்த ஒரு வரியை இன்று சட்டமாக்கினால் எத்தனை மாவட்டங்களில் எத்தனை குடும்பங்கள் வீட்டில் உட்கார வேண்டிவரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏதென்ஸ்காரர்கள் 500 பேர் மன்றத்தைக் குலுக்கலில்தான் எடுத்தார்கள். தேர்தல் என்பது செல்வர் சிலரின் ஆட்சிக்குரிய வழி, குலுக்கலே ஜனநாயக வழி என்பது அரிஸ்டாட்டில் காலத்தில் சாதாரணக் கருத்து. ஆனால் அவர்களே படைத்தளபதிகள் பத்துப் பேரை மட்டும் தேர்தல் வைத்து எடுத்தார்கள். போர் என்று வந்தால் குடத்தை நம்பவில்லை.

இக்காலத்தில் இதைச் சரியாகப் பயன்படுத்தியது அயர்லாந்து. கருக்கலைப்புத் தடை அங்கே எந்தக் கட்சியும் தொடப் பயந்த விவகாரம். 2016ல் குலுக்கல் முறையில் 99 பொதுமக்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு நீதிபதியைத் தலைவராக வைத்து, வார இறுதிகளில் மருத்துவர், வழக்கறிஞர், பாதிக்கப்பட்ட பெண்கள் எல்லோரையும் கேட்கவைத்தார்கள். அவர்கள் தடையை நீக்கச் சொன்னார்கள். விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போய், 2018 மே 25 அன்று பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் ஆமோதித்தார்கள். ஓட்டுக்குப் பயப்படாத 99 பேர் முதலில் பேசியதால், ஓட்டுக்குப் பயந்த 158 உறுப்பினர்களுக்குத் தைரியம் வந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். எப்போதும் இப்படி இனிமையாக முடிவதில்லை. குடும்பம், பராமரிப்பு பற்றிய அரசமைப்புத் திருத்தங்கள் இன்னொரு மக்கள் மன்றத்தின் பரிந்துரையில் தொடங்கி, அரசு வாசகத்தை மாற்றி, 2024 மார்ச்சில் மக்களிடம் வந்தபோது இரண்டும் படுதோல்வி.

குலுக்கலில் எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். குலுக்கலில் வந்தவர் தப்பு செய்தால் அவரை யார் தண்டிப்பது? அவர் உங்களிடம் ஓட்டுக் கேட்டு வரவே போவதில்லையே. ஆகவே ஆட்சி செய்ய வேண்டாம், தணிக்கை செய்யட்டும். ஊராட்சியின் ஆண்டுக் கணக்கை வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்த 12 பேர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், பெண்கள் பாதி, தலைவரின் உறவினர் கூடாது என்று வைத்தால் எப்படி இருக்கும்? இதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, மாநிலச் சட்டம் போதும்.

கடைசிப் பதில் சுவாரசியம் குறைந்தது, ஆனால் நான் பணம் கட்டுவதானால் இதன்மேல்தான் கட்டுவேன். கட்சி இருக்கட்டும், கட்சியின் பிடியைத் தளர்த்துவோம்.

ஜெர்மனியில் 2017 ஜூன் 30 அன்று ஒருபாலினத் திருமணச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று விட்டார்கள். 393 பேர் ஆதரவு, 226 பேர் எதிர்ப்பு. அரசின் தலைவரான சான்சலர் மெர்க்கல் எதிர்த்து வாக்களித்தார். அவர் அணியிலேயே 75 பேர் ஆதரித்தார்கள். சட்டம் நிறைவேறியது. மறுநாள் யாருடைய பதவியும் போகவில்லை, யாரையும் விடுதியில் கொண்டுபோய் வைக்கவும் இல்லை. உறுப்பினர் யாருடைய உத்தரவுக்கும் கட்டுப்பட்டவர் இல்லை, தன் மனசாட்சிக்கு மட்டுமே என்று அந்த நாட்டு அரசமைப்பே சொல்கிறது. கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயகமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வேட்பாளர்களைக் கட்சி உறுப்பினர்களோ அவர்களின் பேராளர்களோ ரகசிய வாக்கெடுப்பில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே எப்படி? பணம் கட்டி விருப்ப மனு, தலைமையோடு ஐந்து நிமிட நேர்காணல், கட்சியின் வேட்பாளர் இவர்தான் என்று தலைமை தரும் பி ஃபார்ம் கடைசி இரவில் யார் கையில் என்ற பரபரப்பு. வாக்காளருக்கு முன்பே, மூடிய அறைக்குள் ஒரே ஓர் ஓட்டில் பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது. ஜெயித்து உள்ளே போனால் 1985ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம். அது எந்த மசோதாவானாலும் கட்சியின் உத்தரவைச் சொல்லும் கொறடா சொன்னபடிதான் கை தூக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டது. வேளாண் சட்டங்கள் 2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் போயின. 2021 நவம்பர் 29 அன்று விவாதமே இல்லாமல் திரும்பப் பெறப்பட்டன. வந்ததற்கும் போனதற்கும் உங்கள் தொகுதி எம்பியிடம் கேட்டால் அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரிந்த அளவுதான்.

இன்னொரு ஓட்டை, ஓட்டுக்கும் இடத்துக்கும் உள்ள தூரம். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக ஏறத்தாழ 44 சதவீத ஓட்டில் 39ல் 37 இடம் பிடித்தது. திமுகவுக்கு 23 சதவீதத்துக்கு மேல் ஓட்டு, இடம் பூஜ்யம். 2021 சட்டமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சிக்கு ஆறரை சதவீதம் ஓட்டு, அதற்கும் பூஜ்யம். அந்தக் கட்சிகளைப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு. அந்த வாக்காளர்கள் அவைக்குள் இல்லாமல் போனார்கள். வாங்கிய ஓட்டின் பங்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசாரம் இதைச் சரிசெய்யும், முழுசாக இல்லை. ஜெர்மனியில் 5 சதவீத வரம்பு இருக்கிறது. 2025ல் ஒரு கட்சி 4.98 சதவீதத்தில் வாசலில் நின்றுவிட்டது. அதை விட முக்கியம், உட்கட்சித் தேர்தல் இல்லாத நாட்டில் விகிதாசாரப் பட்டியல் முறையைக் கொண்டுவந்தால், பட்டியல் எழுதும் தலைவரின் பேனாவுக்கு இன்னும் மை ஊற்றிக் கொடுத்த மாதிரிதான். அதனால் வரிசை முக்கியம்: முதலில் வேட்பாளர் தேர்வுக்குச் சட்டம், பிறகு கொறடாவின் வரம்பு, அப்புறம்தான் விகிதாசாரம்.

இவை எதுவும் புதுச் சரக்கு இல்லை. நம்பிக்கை வாக்கெடுப்புகளில் மட்டும் கொறடாவை மீறினால் பதவி போகட்டும் என்று தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990லேயே சொல்லிவிட்டது. உட்கட்சி ஜனநாயகத்துக்குச் சட்டமும், ஒரு பகுதி இடங்களுக்கு விகிதாசாரமும் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999ல் 170ஆவது அறிக்கையில் எழுதியது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்தக் கோப்புகளைத் தொட்டதில்லை, ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

நான் தேர்ந்தெடுத்த வழிக்கும் ஒரு விலை உண்டு. கொறடாவைத் தளர்த்தினால் குதிரை பேரம் திரும்பும் என்பார்கள். 1967ல் ஹரியானாவில் கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறிய கதை அதற்கு ஆதாரம். நியாயமான பயம். அதனால் கட்சி மாறுகிறவர் மக்களிடம் திரும்பிப் போய் ஓட்டு வாங்கட்டும், அரசை நிலைநிறுத்தும் வாக்கெடுப்பிலும் பட்ஜெட்டிலும் கட்சிக்குக் கட்டுப்படட்டும். மற்ற மசோதாக்களில் பெயர் வாரியாக வாக்கைப் பதிவு செய்து வெளியிட வேண்டும். குரல் வாக்கெடுப்பு கூடாது. அப்படிச் செய்தால் மசோதாவுக்கு மசோதா காசு வாங்குகிறவர் யார் என்று தெரியாமல் போகாது. சிலர் வாங்கத்தான் செய்வார்கள். ஆனால் ஏன் அப்படி வாக்களித்தாய் என்று தொகுதிக்காரன் கேட்கும்போது, "கட்சி முடிவு" என்று சொல்லித் தப்பிக்க அவரால் முடியாது.